கிதாரும் கற்பனை ஸ்வரமும்

நம் நாட்டு மத்தியதர வகுப்பார் வீடுகளில் முன்னெல்லாம் சுவரோரமாக ஒரு வீணையோ, மூலையில் ஒரு ஹார்மோனியப் பெட்டியோ காட்சியளிக்கும். இன்று அந்த இடத்தைக் கிதார் பிடித்துக்கொண்டிருக்கிறது. தோளில் உறையிட்ட கிதாரை மாட்டிக்கொண்டு மாலை வேளையில் பாடத்துக்குப் போகும் பிள்ளைகளைக் காணாத தெரு நகரங்களில் இல்லை என்றே சொல்லலாம். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் பிடில் கூட அந்நிய வாத்தியமாகத்தான் இருந்தது. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதைக் கையில் எடுத்த பிறகு, அது இல்லாமல் நம் கச்சேரி இல்லை என்றாகிவிட்டது.

ஆனால் கிதார் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு குறை உண்டு. "மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறோம். வருஷமும் ஒன்றாகிவிட்டது. பையன் ஏறுவதும் இறங்குவதுமாகவே வாசிக்கிறானே தவிர, அதில் ஸங்கீதம் ஒன்றையும் காணோமே!" என்பார்கள். பையனுடைய மனக்குறை இதைவிடப் பெரிது. மேல்நாட்டு ஸ்வர வரிசைகள் பத்துப் பன்னிரண்டு அவனுக்கு மனப்பாடம். விரல்களும் வேகமாக ஓடுகின்றன. எனினும், "நீயாகவே கொஞ்சம் கற்பனை செய்து வாசி, பார்க்கலாம்" என்று யாரேனும் சொல்லிவிட்டால், தெரிந்த வரிசையிலேயே மேலே ஓடிக் கீழே வருகிறான். படிக்கட்டில் ஏறி இறங்குகிறவன் எத்தனை வேகமாக ஏறினாலும் அதற்கு ஊர்வலம் என்று பெயர் வருமா?

வரிசைக்கும் கற்பனைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது? இதே கேள்வியை நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு, விடையும் கண்டிருக்கிறார்கள். அந்த விடையைத் தேடுவதற்குக் காஞ்சி மாநகரைப் போலப் பொருத்தமான ஊர் வேறில்லை.

சங்கீத மண்டபம்

காஞ்சீபுரத்திலிருந்து சிறிது தூரத்தில், வேகவதி ஆற்றை ஒட்டி, திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் இருக்கிறது. பட்டுக்குப் பேர்போன நகரத்தின் பக்கத்தில் பருத்தியின் பெயரைத் தாங்கிய ஊர்! ஜினகாஞ்சி என்பது இதற்கு மற்றொரு பெயர். இங்கே வர்த்தமான தீர்த்தங்கரருக்கு எடுத்த திரைலோக்கியநாதர் ஆலயம் உண்டு. அவ்வாலயத்தின் முன்புறத்தில், விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரருடைய அமைச்சரும் தளபதியுமான இருகப்பர் 1387-ஆம் ஆண்டில் ஒரு மண்டபம் கட்டுவித்தார். ஹம்பியில் கானிகிட்டி ஆலயம் என்று வழங்கும் ஜினாலயத்தை எழுப்பியவரும் இவரே. காஞ்சியில் இவர் கட்டிய மண்டபத்துக்குச் சங்கீத மண்டபம் என்று பெயர்.

போர் நடத்தியவர் எழுப்பிய கட்டடம் இசைக்கென்று பெயர் பெற்றது நினைக்க நினைக்க இன்பம் தருவதாகும். மண்டபத்தின் விதானத்தில் விஜயநகர, நாயக்கர் காலத்து வண்ணச் சித்திரங்கள் உள்ளன. ரிஷபதேவர், வர்த்தமானர் முதலியோரின் வரலாறுகள் அங்கே வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. 1934-இல் டி. என். ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சிச்சாலையின் வெளியீடாக இவ்வாலயத்தைப் பற்றி விரிவான நூலொன்று எழுதி, அச்சித்திரங்களை அறிஞர் உலகத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

ரிஷபதேவர் தம் குமாரத்திகளுள் பிராம்மிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது ஜைனர்களின் மரபு. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பது தமிழர் அறிந்த மொழி அல்லவா? இசையிலும் இவ்விரண்டும் உண்டு. ஸ்வரம் எழுத்து, தாளம் எண். இரண்டையும் கற்றவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன் ஆகிறான். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவனும் கவிஞன் ஆகிவிடுவதில்லை. எழுத்திலிருந்து கவிதைக்குப் போகும் வழியைத்தான் இங்கே ஆராய்கிறோம்.

ஏழு பாலையும் ஆறு தந்தியும்

கிதாரின் அமைப்பை முதலில் பார்ப்போம். ஆறு தந்திகள். பருத்த தந்தியிலிருந்து தொடங்கினால், ஒவ்வொன்றும் முன்னதற்குச் சுத்த மத்யம தூரத்தில் சுருதி கூட்டப்பெறும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தர காந்தார தூரம் வரும். வீணையில் இருப்பது போலவே கிதாரின் கழுத்திலும் மெட்டுக்கள் உண்டு. ஒரு தந்தியில் பன்னிரண்டாவது மெட்டை அழுத்தினால், தந்தி சரிபாதியாகக் குறுகி மேல் ஸ்தாயி ஷட்ஜம் பேசும். நடுவில் உள்ளவை நம் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களே.

மேல்நாட்டு ஆசிரியர் மாணவனுக்கு முதலில் கற்பிக்கும் வரிசை நமக்குச் சங்கராபரணம். அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, ஆதார ஸ்வரத்தை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிச் சென்றால் வேறு வரிசைகள் பிறக்கும். அவற்றுக்குப் பழைய கிரேக்கப் பெயர்களை வைத்து, டோரியன், பிரிஜியன், லிடியன் என்றெல்லாம் வழங்குகிறார்கள். பிள்ளைகள் இப்பெயர்களைக் கேட்டுச் சற்று மலைத்துப் போவதுண்டு. மலைப்பதற்கு என்ன இருக்கிறது? டோரியன் என்பது கரகரப்பிரியா. பிரிஜியன் என்பது தோடி. லிடியன் என்பது கல்யாணி.

இன்னும் சொல்லப்போனால், ஆதார ஸ்வரத்தை மாற்றிப் புதிய வரிசை காணும் வித்தை தமிழர்களுக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் திறமைகளைக் கூறுமிடத்தில் இது பேசப்படுகிறது. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்ற ஏழும் இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று திரிந்து பிறப்பவை. செம்பாலையை ஹரிகாம்போஜி என்று கொண்டால், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடிப்பாலை கரகரப்பிரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கல்யாணியாகவும் வந்து சேருகின்றன. 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'மும், 1947-இல் விபுலாநந்த அடிகள் வெளியிட்ட 'யாழ் நூ'லும் இத்துறையில் பெரும் பாடுபட்டு எழுந்த நூல்கள். ஆகவே கிதார் பயிலும் தமிழ்ப் பிள்ளை தான் கற்பது அந்நியச் சரக்கு என்று எண்ணிக் கூசவேண்டியதில்லை; அபூர்வச் சரக்கு என்று எண்ணி இறுமாப்படையவும் வேண்டியதில்லை!

கிதார் மாணவர்களுக்கு மிகவும் பழக்கமான ஐந்து ஸ்வர வரிசை ஒன்று உண்டு. அமெரிக்க நீக்ரோ மக்களின் துயரப் பாடல்களில் ஊறி வந்தது அது. நம் கணக்கில் அது சுத்த தன்யாசி. அதன் உடன்பிறப்பாகிய மற்றொன்று மோகனம். மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்துக்கொண்டால் ஹிந்தோளம். பஞ்சமத்தை வைத்துக்கொண்டால் சுத்த ஸாவேரி. தைவதத்தை வைத்துக்கொண்டால் சுத்த தன்யாசி. ஐந்து ஸ்வரங்களைக் கற்றவன் ஐந்து ராகங்களின் வாசலில் நிற்கிறான்.

வாசலில் நிற்கிறான் என்றுதான் சொன்னோம். உள்ளே போய்விட்டான் என்று சொல்லவில்லை. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் ஒன்றே, அவரோகணமும் ஒன்றே. காகிதத்தில் எழுதினால் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். ஆனால் பாடும்போது, ஸங்கீதம் சிறிதே கேட்டுப் பழகியவர் கூட ஒன்றை மற்றொன்றாக மயங்கமாட்டார். ஆரபி நிமிர்ந்து விறுவிறுவென்று நடக்கும். தேவகாந்தாரி காந்தாரத்திலும் மற்ற இடங்களிலும் நின்று, அசைந்து, ஆற அமர வரும். எங்கே நிற்பது, எதை அசைப்பது, எங்கிருந்து தொடங்குவது என்பவற்றை வரிசை சொல்லாது. இவை தெரியாமல் கற்பனை இல்லை.

வரிசைகளின் வேலை

அப்படியானால் வரிசைகளைக் கற்பது வீண் வேலையா? அல்லவே அல்ல. புரந்தரதாஸர் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்ததாக நம்மவர் போற்றும் பாடமுறையைச் சற்றுக் கவனித்தால், ஒவ்வொரு பயிற்சியும் ஒரு காரியத்துக்காக ஏற்பட்டது என்பது விளங்கும்.

முதற்பாடம் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. அதன் பூர்வாங்கத்தில் எந்த இடைவெளிகள் உண்டோ, அவையே உத்தராங்கத்திலும் வரும். ஆகையால் குழந்தையின் காது முதல் பாதியைப் பிடித்துக்கொண்டால் இரண்டாம் பாதி தானே வசப்படும். ஸரளி வரிசை ஸ்வரங்களின் இடத்தை நிலைநிறுத்துகிறது. ஜண்டை வரிசையில் ஒரே ஸ்வரம் இரட்டித்து வருகிறது. இரண்டாவது தடவை அழுத்தம் கொடுக்கக் கற்கிறோம். தாட்டு வரிசையில் ஸ்வரங்களைத் தாண்டிச் செல்லக் கற்கிறோம். அலங்காரங்களில் ஏழு தாளங்கள் புகுகின்றன. துருவத்துக்கு 14 அக்ஷரம், மட்டியத்துக்கு 10, ரூபகத்துக்கு 6, ஜம்பைக்கு 10, திரிபுடைக்கு 7, அடதாளத்துக்கு 14, ஏகத்துக்கு 4. இவற்றை மூன்று காலங்களில் பாட வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலங்காரத்தில் பிள்ளை கற்பது ஏழு பாட்டுக்கள் அல்ல. ஒரு சிறு வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் திரும்பக் கட்டும் கலை. ஏக தாள அலங்காரத்தின் வடிவத்தை மோகனத்தில் வைத்தால், 'ஸரிகப, ரிகபத, கபதஸ' என்று போகும். வடிவம் மாறவில்லை, இடம் மாறுகிறது. கற்பனை ஸ்வரத்தில் பெரிய வித்துவான்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். கிதார் மாணவன் வரிசையை முழுவதும் ஒரே மூச்சில் ஓட்டுவதற்குப் பதிலாக, இவ்வாறு நான்கு, மூன்று, ஐந்து என்று ஸ்வரங்களைத் துண்டாக்கிக் கோத்துப் பழகினால், படிக்கட்டில் ஓடும் ஓசை மறைந்து பேச்சின் ஓசை பிறப்பதை ஒரு மாதத்துக்குள் தானே உணர்வான்.

அலங்காரத்துக்குப் பின் கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கிருதி. வர்ணம் என்பது ஒரு ராகத்தின் அகராதி. எந்தப் பிரயோகம் அந்த ராகத்துக்கு உயிர், எது அதற்கு ஆகாது என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதன் சரணத்தை அடுத்து வரும் ஸ்வரப் பகுதிகள், சரணத்தின் எடுப்பிலேயே வந்து முடிகின்றன. பிற்காலத்தில் கற்பனை ஸ்வரம் பாடப்போகிற மாணவனுக்கு, அது எப்படி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி அது. கிதார் மாணவனுக்கும் இந்தப் படியே இல்லாமல் போய்விடுகிறது. வரிசை கற்கிறான், உடனே கற்பனைக்குத் தாவுகிறான். இடையில் நூறு நல்ல பாட்டுக்களைக் காதாலும் குரலாலும் உள்வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

கற்பனைக்கும் கணக்கு உண்டு

காஞ்சி நகரத்துக்கு வருவோம். முத்துஸ்வாமி தீட்சிதர் சில ஆண்டுகள் இங்கே வசித்து, உபநிஷத் பிரம்மத்திடம் வேதாந்தம் பயின்றார். சென்னைக் கோட்டையின் இங்கிலீஷ் பாண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்து, 'நோட்டு ஸ்வரம்' என்ற புதுமையைத் தந்தவரும் அவரே. அவை சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. கிதாரில் வாசிப்பதற்கு மிகவும் இசைந்தவை.

அதற்குப் பின் இந்நகரின் புகழை ஸங்கீத உலகில் நிலைநாட்டியவர் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை. 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தார். வாழ்ந்தது நாற்பத்தைந்து ஆண்டுகளே. பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்தில் தோன்றியவர். மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று லய வித்துவான்களை அணி அணியாக மேடையில் அமர்த்திக்கொண்டு, அவ்வளவு பேருக்கும் நடுவில் பல்லவியும் கற்பனை ஸ்வரமும் பாடுவது அவருடைய வழக்கம். ரஸிகர்கள் அதற்கு 'புல் பெஞ்சுக் கச்சேரி' என்று பெயரிட்டிருந்தார்கள். ஹைகோர்ட்டு நீதிபதிகள் பலர் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்பதை நினைத்து வைத்த பெயர் அது. தவறு நேர்ந்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும்! சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும், வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா சகோதரிகளும் அவரிடம் பயின்றவர்கள்.

1919-இல் காஞ்சீபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாள் இளம் பருவத்தில் நாயனாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்டிருந்த பல்லவியை மேடையில் துணிந்து பாடி, 'பல்லவி பட்டம்மாள்' என்ற பெயர் பெற்றார். பாரதியாரின் பாடல்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன் நின்றவர். 1970-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் அவரை வந்தடைந்தது. கற்பனை என்பது ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும், பெண்களுக்குப் பாடாந்தரமே போதும் என்று சொல்லிவந்த வாயெல்லாம் அவருடைய பல்லவியைக் கேட்டு அடைத்துப்போயிற்று.

கற்பனை என்றால் மனம்போன போக்கு என்று நினைப்பது தவறு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம் வீதம் பாடினால் ஓர் ஆவர்த்தத்துக்கு 32. சமத்தில் வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு கட்டை மும்முறை பாடி, நடுவில் இருமுறை இரண்டிரண்டு அக்ஷரக் கார்வை விட்டால், ஐந்தும் இரண்டும் ஐந்தும் இரண்டும் ஐந்தும் 19 ஆகின்றன. ஆகவே அதற்கு முன் 13 அக்ஷரத்துக்கு இடம் இருக்கிறது. அந்தப் பதின்மூன்றில் பாடகன் தன் இஷ்டப்படி உலாவலாம். பதினான்காவதில் வீடு திரும்பும் வழியில் இருந்தாக வேண்டும். இவ்வாறு கட்டி முடிப்பதற்குக் கோர்வை என்று பெயர்.

கோர்வை என்ற சொல்லைக் காஞ்சி நெசவாளர்களும் வழங்குகிறார்கள். புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக இருக்கும்போது, உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்களை வைத்து, ஒவ்வோர் இழையிலும் உடலையும் கரையையும் பின்னி இணைப்பதுதான் அவர்களுடைய கோர்வை. தறியில் உட்கார்ந்தவருக்குத் துணையாக மற்றொருவரும் வேண்டும். கைதேர்ந்த கோர்வையைப் பிரித்தெடுக்கப் பார்த்தால், துணி கிழியுமே தவிர இணைப்பு விடாது. பாட்டில் கற்பனையும் கணக்கும் அப்படித்தான் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும்.

இதைக் கிதார் மாணவன் எளிதாகத் தொடங்கலாம். ஒரு பாட்டின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளட்டும். அந்த வரி எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ அதற்கு அடுத்த ஸ்வரத்தில் முடியும்படியாக, நான்கே ஸ்வரம் தானாக இட்டு வாசிக்கட்டும். பிறகு வரி. மறுபடி நான்கு ஸ்வரம். அவை முந்தியவையாக இருக்கக்கூடாது. இப்படி ஒரு வாரம் சென்றபின் எட்டு ஸ்வரம்; பிறகு அரை ஆவர்த்தம்; பிறகு ஓர் ஆவர்த்தம். கால் தாளம் போட வேண்டும்; விரல் வாசிப்பதை வாய் கூடவே பாட வேண்டும். வாயால் பாட முடியாததை விரல் வாசித்தால், அது பழக்கத்தினால் ஓடுகிற ஓட்டமே தவிர கற்பனை அல்ல.

மேல்நாட்டில் நேர்ந்தது

கற்பனை நம்மவர்க்கே உரிய தனிச்சொத்து என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1747-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஸங்கீத மேதை பாக், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடரிக்கின் அரண்மனைக்குச் சென்றிருந்தார். மன்னர் ஒரு பல்லவி கொடுத்து, அதை மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்தும்படியாக விரித்து வாசிக்கச் சொன்னார். பாக் அந்த இடத்திலேயே வாசித்துக் காட்டினார். ஆறு குரலுக்கு விரிக்க வேண்டும் என்றபோது, அந்தப் பல்லவியை ஊருக்குத் திரும்பிய பின் எழுதித்தான் அனுப்பினார். மேதைக்கும் தன் கற்பனை எதுவரை உடனே செல்லும் என்ற கணக்கு இருந்தது.

பேதோவனும் உடனுக்குடன் கற்பனை செய்து வாசிப்பதில் பெயர் பெற்றவரே. ஆனால் 1809-இல் முடித்த தம் ஐந்தாவது பியானோ கன்ஸர்ட்டோவில், வழக்கமாக வாத்தியக்காரர் தம் மனோதர்மத்தைக் காட்டும் இடத்தில், அப்படிச் செய்யலாகாது என்று குறித்து, வாசிக்க வேண்டியதைத் தாமே எழுதிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மேல்நாட்டுச் சாஸ்திரீய மேடையிலிருந்து மனோதர்மம் பெரும்பாலும் விடைபெற்றுக்கொண்டது. மாதாகோவில் ஆர்கன் வாசிப்பவரிடம் மட்டும் அது தங்கியிருந்தது. யாரும் அதைத் தடை செய்யவில்லை. எழுதிய தாள் மேலும் மேலும் மதிப்புப் பெற்றது, கற்பிப்பவரும் குறைந்தனர், அவ்வளவுதான்.

அங்கே மனோதர்மம் மறுபிறவி எடுத்தது அமெரிக்க நீக்ரோ வித்துவான்களின் ஜாஸ் இசையில். கிதாரைப் பக்க வாத்தியம் என்ற நிலையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் சார்லி கிரிஸ்டியன் முக்கியமானவர். 1916-இல் பிறந்து 1942-இலேயே மறைந்துபோனார். அவருக்குப்பின் வந்த வெஸ் மாண்ட்கோமரி, கிரிஸ்டியனுடைய இசைத்தட்டுக்களைக் கேட்டுக் கேட்டு, அவர் செய்த கற்பனைகளை ஒரு ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்தார். அவற்றை வாசிப்பதற்காகவே அவருக்கு முதலில் வேலையும் கிடைத்தது. ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. தந்தியைக் கட்டைவிரலால் மீட்டி, ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்தாயியையும் ஒருங்கே பேசவைக்கும் ஒரு வழியைத் தமக்கென்று கண்டார். மனப்பாடம் அவருக்கு வர்ணம் போல உதவிற்று.

கிதாரில் கமகம்

கிதாரில் நம் ராகம் பேசுமா என்ற ஐயம் நியாயமானதே. மெட்டுக்கள் அசையாதவை, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள குழைவு இல்லாமல் தோடி ஏது? இக்காரணத்தைச் சொல்லித்தான் அகில இந்திய ரேடியோ 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே அத்தடை தளர்ந்தது. ஆனால் ஹார்மோனியத்துக்கு இல்லாத ஒரு வசதி கிதாருக்கு உண்டு. அதன் தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுக்கலாம். வீணையில் செய்வது போலவே.

இங்கிலாந்தில் பிறந்த ஜான் மக்லாலின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் அமெரிக்காவில் வீணை கற்றார். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் முதலியோருடன் சேர்ந்து 'சக்தி' என்ற குழுவை அமைத்தார். மெட்டுக்களுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிதாரை அவர் வாசித்தார். விரல் மரத்தில் உராயாமல் தந்தியை இழுத்துக் குழைப்பதற்கே அந்த ஏற்பாடு. 1969-இல் பிறந்து 2014-இல் அகாலமாக மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ், அசையாத மெட்டுக்களையுடைய சிறு வாத்தியத்தில் நம் ராகங்களைப் பரிபூரணமாகப் பேசவைத்தார். காஞ்சிக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியலும் அமெரிக்காவில் பெர்க்லி கலாசாலையில் ஸங்கீதமும் பயின்று, கிதாரில் முழுநீளக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். ஆகவே குறை வாத்தியத்தில் இல்லை.

நீலாஞ்சனையின் நடனம்

சங்கீத மண்டபத்து விதானத்தில் யாருடைய வரலாறு தீட்டப்பட்டிருக்கிறதோ, அந்த ரிஷபதேவரின் சரிதத்தில் ஒரு கதை உண்டு. அவர் அரசராக வீற்றிருந்த சபையில், இந்திரன் அனுப்பிய நீலாஞ்சனை என்னும் தேவமாது நடனம் ஆடினாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய ஆயுள் முடிந்தது, மின்னலைப்போல மறைந்தாள். ரஸபங்கம் நேரக்கூடாதென்று இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறோர் உருவை அவ்விடத்தில் நிறுத்தினான். அதே முகம், அதே அணி, அதே ஜதி. சபையோர் ஒருவருக்கும் மாறுதல் தெரியவில்லை. ரிஷபதேவர் ஒருவரே கண்டுகொண்டார். அன்றே அவர் துறவு பூண்டார் என்பது கதை.

ஜைனப் பெரியோர் இதை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். நாம் இதிலிருந்து இன்னொரு பாடமும் படிக்கலாம். இன்றைய ஸங்கீதத்தில் அப்படி ஒரு மாற்றுரு மெல்ல வந்து நிற்கிறது. போட்டியில் பரிசு வாங்குவதற்காக, கற்பனை ஸ்வரத்தை ஆசிரியரே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்து, குழந்தை அதை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்கிறது. கிதார் மாணவனோ, எந்தத் தந்தியில் எத்தனையாவது மெட்டை அழுத்துவது என்று எண்ணால் குறித்த தாளைக் கைப்பேசித் திரையில் பார்த்து, பிறர் செய்த கற்பனையை அப்படியே வாசித்துவிட்டு எழுந்து போகிறான். கேட்பவருக்கு வேற்றுமை தெரிவதில்லை. முகம், அணி, ஜதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆடியவள்தான் அங்கே இல்லை. மேல்நாட்டுச் சாஸ்திரீய மேடையில் நூறாண்டுக் காலத்தில் நடந்தது, நம்மிடையே அதனினும் விரைவில் நடந்துவிடக்கூடும்.

இதைத் தடுப்பது பெரிய வித்துவான்களின் கையில் மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும் நம் கையிலும் இருக்கிறது. பிள்ளை மாலையில் பாடம் முடிந்து வந்ததும், "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்பதோடு, "இன்று நீயாக என்ன வாசித்தாய்?" என்றும் கேளுங்கள். அவன் நாலு ஸ்வரம் வாசிப்பான். அதில் இரண்டு தடுமாறும். தாளமும் சற்றுத் தவறும். அப்போது சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பிசகாமல் ஒப்பித்த பாட்டை நினைவூட்டாதீர்கள். தடுமாறிய அந்த நாலு ஸ்வரங்கள் அவனுடையவை. அவற்றை மறுநாள் ஐந்தாகவும், மறுமாதம் ஓர் ஆவர்த்தமாகவும் வளரவிடுங்கள்.

காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் ஏகாம்பரநாதரையும் காமாக்ஷியையும் வரதராஜரையும் தரிசித்து, பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாழிகை செலவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்துக்கும் போய் வாருங்கள். வீட்டில் வாத்தியம் பயிலும் பிள்ளை இருந்தால் அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மண்டபத்தில் நின்று மேலே பார்க்கட்டும். அந்தச் சித்திரக்காரர்களும் கோடு இழுப்பதற்குப் பல ஆண்டுகள் பழகியவர்களே. பிறகுதான் விதானத்தின் மேல் கை வைத்தார்கள்.